இறக்குமதி வரி

பாசையூர் மீன் சங்கத்துக்கு நான் எழுதின நிரலில்
எட்டு யன்னல்கள்.
நிறுக்க ஒன்று, கடன் எழுத ஒன்று,
மற்ற ஆறையும் ஜெனிற்றா இன்னும் திறந்து பார்க்கவில்லை.

மாசியில் ஒரு கடிதம் வந்தது.
யன்னல் செய்துதந்த லைப்ரரிக்கு இனிமேல்
ஆளுக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு, டொலரில்.
தலைவர் மரியநேசன் தொகையைப் பார்த்துவிட்டு
“வள்ளத்துக்கு ஒரு இஞ்சின் வாங்கலாமே” என்றார்.
அவ்வளவுதான் கூட்டம்.

நூலகம் என்று எழுதலாம்தான்.
இந்த ஊரில் அந்தச் சொல்லைத் தூக்கினால் கை சுடும்.
லைப்ரரி என்றே விடுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இலவசமாய்.
அதே யன்னல், அதே மரம், தச்சன் வேறு.
இது தெறி என்பதை அது பொத்தான் என்கிறது.
இது ஓம் என்றால் அது ஆம்.
சட்டை ஒன்றுதானே என்று
கணினியோடு கதைக்க ஏலாது.
பொத்தான் வீட்டில் தெறி கேட்டால்
அப்படி ஒருவருமில்லை என்றுவிட்டு
அந்த இடத்திலேயே விழுந்து சாகும்.

ஆகவே நடுவில் ஒரு கோப்பு,
கொக்குவிலில், மின்விசிறி நின்றுபோன இரவில்,
நாற்பத்தொரு வரி.
இரண்டு வீட்டுப் பேச்சும் தெரிந்த,
தன் கதை ஒன்றுமில்லாத ஆள்.
எது அகப்படுகிறதோ அதைப் பிடி,
தெறி என்று பெயர் வை, உள்ளே விடு.
எட்டு யன்னலிலும் நான் தொட்டது
முதல் வரியை மட்டும்.
இறக்குமதி வரி.
சுங்கத்தில் வேலை பார்க்கும் மச்சானிடம் சொன்னேன்,
அவன் சிரிக்கவில்லை.

விடிய நாலரைக்கு ஏலம்.
ஐஸ் பெட்டியில் சாய்ந்து பின்னால் நின்றேன்.
பாரை, ஒட்டி, விளைமீன்.
யன்னல் திறந்தது, மூடியது,
ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பிறகு கொய் வந்தது.
கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம்,
கால் தனியாய்
ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
ஜெனிற்றா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
“இது வெட்டின கொய்யோ?”

பெட்டி மூடியில் மடிக்கணினியை வைத்து,
செதிள் ஒட்டின விரலோடு,
நாற்பத்திரண்டாவது வரி.

பழைய லைப்ரரியின் பெயரை அழிக்கவில்லை.
கோப்பில் அதற்கும் ஓரிடம் கிடக்கட்டும்.
இலவசமும் ஒருநாள் கடிதம் போடும்.

அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.
கணவாய், ஆறு கிலோ.