புதன்கிழமை பழுது

டோங்காவில், நெயாஃபு சாலையில்,
பாடற்குழுவை ஏற்றிவரும் வண்டி
புதன்தோறும் அதே ஈரப்பலா மரத்தடியில்
நின்றுவிடுகிறது.
"எஞ்சின் சூடு" என்கிறான் வைப்புலு,
மூடியைத் திறந்தும் பாராமல்.

தேவாலயத்துக்கு இன்னும் முக்கால் மைல்.
முதல் வாரம் திட்டிக்கொண்டே நடந்தார்கள்;
மெலெசேனியின் செருப்பு அறுந்தது.
இரண்டாம் வாரம் வாங்கிய மூச்சில்
துதிப்பாட்டே அரை சுருதி இறங்கியது.
ஐந்தாம் வாரம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
வண்டி நிற்கும் முன்னரே
மெலெசேனி குடையைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவன் மட்டும் இறங்குவதில்லை.
இடது காலில் இரண்டு விரல் போய்
மூன்று வருடமாகிறது.

பயிற்சி முடிந்த பந்தியில்
கொழுப்பு வழியும் ஆட்டிறைச்சி இன்னும் உண்டுதான்.
ஆனால் ஃபினாவு சுட்ட மீனும்
தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையும்
வாளியோடு வைத்த அன்று
வாளிதான் முதலில் காலி.
(போதகர் இரண்டையும் தின்றார்.)

நேற்று வைப்புலு மருத்துவமனையில்.
வண்டியை ஓட்டியது யாரோ புதுப் பையன்.
மரம் நெருங்கியும் வேகம் குறையவில்லை.
பின்னாலிருந்து பதினான்கு குரல், ஒரே சுருதியில்:
"நிறுத்து! எஞ்சின் சூடு!"

பாவம்,
அவன் இறங்கி
மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்,
அவர்கள் வளைவு தாண்டும் வரை.