கொம்பு

துன் சம்பந்தன் சாலையில்
மோனோரயில் போகும்போதெல்லாம் நடுங்கும்
என் அச்சுக்கடை.
மகளின் பள்ளிப்பைக்குப் பெயரட்டை கேட்டு
வந்திருந்தாள் பொஹ்தானா.
"ரஷ்ய எழுத்துதானே?"
"இல்லை."
அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு திரையில் விரல் வைத்து,
குடும்பப்பெயரின் முதலெழுத்துக்கு
மேலே ஒரு சின்னக் கொம்பு வேண்டும் என்றாள்.
அரசாங்கம் ஐம்பத்தேழு வருடம்
நெடுங்கணக்கிலிருந்து தள்ளிவைத்த எழுத்தாம்.

அவளும் ரஷ்யம் பேசி வளர்ந்தவள்தான்.
முப்பத்தெட்டு வயதில், மகளோடு உட்கார்ந்து
உக்ரைன் மொழியை எழுத்துக்கூட்டுகிறாள்.

எட்டு எழுத்துருவில் இல்லை.
ஒன்பதாவதில் முளைத்தது கொம்பு.
மூன்று ரிங்கிட்.

அவள் போனதும் இழுப்பறையைத் திறந்தேன்.
பதிவு எழுத்தர் கைதவறி,
முகிலரசி நான்
அடையாள அட்டையில் முக்லசி.
திருத்தும் படிவம் அங்கேதான் கிடக்கிறது,
ஸ்டேப்ளர் ஊசிகளுக்கு அடியில்.

மோனோரயில் போயிற்று.
பேனா உருண்டது.