துய்மா வீதியில் நிறுத்தம் இல்லை

தவளக்குப்பம், அரியாங்குப்பம்,
முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை:
பதினாலு வருஷம் இந்த வரிசையைக் கூவியே
தொண்டை தடித்தவர் என் வீட்டுக்காரர்.
பாண்டி பாண்டி பாண்டி என்று அவர் அழைத்தால்
விருத்தாசலத்தில் தூங்குகிற நாயும் எழுந்து ஏறப் பார்க்கும்.
ஆனால் அவர் கண்ட பாண்டி
பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை,
எதிரே ஒரு டீக்கடை.
இருபது நிமிஷம். விசில்.

இன்று கலியபெருமாள் பயணி.
ஜன்னலோரம் எனக்கு.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்
வளைவு வருமுன்பே அவர் கால்
தானாக அகன்று ஊன்றிக்கொள்கிறது.
"உங்களுக்கு எதுக்குண்ணே டிக்கெட்" என்ற பையனிடம்
வற்புறுத்தி இரண்டு வாங்கினார்,
எண்களைக் கூட்டிப் பார்த்தார்.
எட்டு வந்தது. என்னிடம் ஒன்பது என்றார்.

வாய்க்காலைத் தாண்டியதும்
ஊர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டது.
மஞ்சள் சுவர்கள்,
பண்ருட்டிச் சுளையை ஒருநாள் வெயிலில் வைத்த மஞ்சள்.
வெள்ளை விளிம்பு வைத்த ஜன்னல்கள்.
ரவிக்கைக்குப் பட்டி வைத்துத் தைக்கிறவளுக்குத் தெரியும்,
யாரோ பொறுமையாய்ச் செய்த வேலை இது.
ஒரு கதவு பாதி திறந்திருந்தது.
உள்ளே முற்றம், தூண், ஈரத் துண்டு.
துண்டைப் பார்த்ததும்தான்
இங்கேயும் யாரோ குளிக்கிறார்கள் என்று நம்பினேன்.

"இது ரூ துய்மா" என்றான் வாடகை சைக்கிள்காரன்.
"ரூ எவ்வளவு?" என்றார் இவர்.
பிரெஞ்சில் ரூ என்றால் தெருவாம்.
நமக்கு ரூ போட்டால் பின்னால் ஓர் எண் வேண்டும்.
அப்புறம் ஒவ்வொரு முனையிலும்
நீலப் பலகையை அண்ணாந்து பார்த்து
"ரூ சுஃப்ரேன், சில்லறையா குடுங்க" என்று நடந்தார்.
மூன்றாவது தெருவில் சிரிப்பு தீர்ந்துவிட்டது, எனக்கு.

காகிதப்பூ கவிந்த ஒரு சுவர். நின்றோம்.
"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க,
ஃப்ரேம்ல வர்றீங்க."
இன்னும் கல்யாணமாகாத ஒரு ஜோடி,
கல்யாண ஆல்பத்துக்காக நாலாம் முறை
முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டிருந்தது.
தள்ளிக்கொண்டோம்.
ஏறுகிறவர்க்கும் இறங்குகிறவர்க்கும்
ஒதுங்கியே பழகியவர் அவர்.
எனக்குத்தான் சுருக்கென்றது.

இரண்டு காபி முந்நூற்று அறுபது.
"இதுல ரெண்டு பேரும் வடலூர் போய்த் திரும்பிடலாம்
அஞ்சலாட்சி, மிச்சமும் இருக்கும்."
அவருக்குப் பணம் என்பது தூரம்.
அடியில் தங்கிய சர்க்கரையைக்கூட
விரலால் வழித்துத் தின்றார்.
அதே கணக்கில்
புதுச்செருப்பு கடிக்கிறது என்றதற்கு
யார் போடச் சொன்னது என்று கேட்டார்.
பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து
இரண்டு தெரு பேசாமல் நடந்தோம்,
நான் இந்த ஓரம், அவர் அந்த ஓரம்,
நடுவே நூற்றாண்டுக் கணக்கில் நிழல்.

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் கருங்கற்கள்.
அதற்கப்பால் தண்ணீர், தண்ணீர்.
"இதுக்கு மேல வண்டி போகாது" என்றார்.
"அப்ப இறங்குங்க" என்றேன்.
இறங்கினார்.
கால்சட்டையை மடித்துவிடக்கூடத் தோன்றவில்லை.
பாதி வழியில் திரும்பி
என் செருப்பைக் கேட்டு வாங்கி
தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்,
பணப்பை இருக்கிற இடத்தில்.

இரவு மூன்றே முக்காலுக்கு
அலாரம் இல்லாமலே எழுந்துவிட்டார்,
முதல் டிரிப் நேரம்.
இருட்டில் பையைத் துழாவும் கையைப் பிடித்தேன்.
லாட்ஜுக்கு வெளியே தெருவே இல்லாத மாதிரி அமைதி.
"வாங்க" என்றேன், "இப்ப யாரும் இருக்க மாட்டாங்க."

அந்தச் சுவர் தனியாக இருந்தது.
விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் இன்னும் பழுத்திருந்தது.
முதுகைச் சாய்த்து நின்றோம்,
போன் அறையிலேயே கிடந்தது.
உதிர்ந்த பூவை ஒதுக்கியபடி
துடைப்பத்தோடு வந்த நகராட்சிக்காரம்மா
எங்கள் காலடியில் வந்து நிமிர்ந்தாள்:
"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"ரைட், போலாம்" என்றார் இவர்,
பதினாலு வருஷக் குரலில்.
எங்கோ ஒரு நாய் எழுந்துகொண்டது.