பொருள் என்ற இடத்தில்

முதல் மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதினேன்:
எங்கள் பட்டறை எந்த வருடம் தொடங்கியது,
புந்தா அரேனாஸில் காற்று எப்படிக் கூரையைப் பிடுங்கும்,
கரையேற்றி வைத்திருக்கும் படகின் பெயர் 'பொறுமை',
அதன் பம்ப்பில் ஒரு ரப்பர் வளையம் பிளந்துவிட்டது,
பதினோரு பேர் சம்பளமில்லாமல்
என் பட்டறையில் சீட்டாடுகிறார்கள்,
தாங்கள் நலமென நம்புகிறேன், யாஸ்னா.

வளையம் ஏழாவது பத்தியில் இருந்தது.

பிரேமர்ஹாஃபனில் திரு. வூபெனா
காலைக் காப்பியோடு அதைத் திறந்திருப்பார்.
விரலால் தள்ளித் தள்ளி
பாதிவரை இறங்கியிருப்பார்.
மதியம் பார்க்கலாம் என்று மூடியிருப்பார்.
அந்த மதியம் ஒன்பது நாளாக வரவில்லை.

இரண்டாவது, நினைவூட்டல்.
"முந்தைய மின்னஞ்சலைக் காண்க."
கடலில் கரைத்த பெருங்காயம்.
எங்கள் ஊரில் கடலுக்கா பஞ்சம்.

அன்றிரவு தூக்கம் வராமல்
என் பெட்டியை நானே வேவு பார்த்தேன்.
எதற்கெல்லாம் உடனே பதில் போட்டிருக்கிறேன்?
'சாவி யாரிடம்?'
'பச்சை பெயின்ட் இரண்டு டின் போதுமா?'
'ஏழு மணியா எட்டா?'
எதற்கெல்லாம் போடவில்லை?
நிதானமாக எழுத வேண்டும் என்று
நட்சத்திரம் குத்தி வைத்தவை,
அன்பானவை, நீளமானவை.
அவற்றில் ஒன்று என் தம்பி மிர்கோவுடையது.
பதினோரு மாதம்.
அதை அப்போதும் திறக்கவில்லை.

மூன்றாவதை விடியற்காலை மூன்று மணிக்கு அனுப்பினேன்,
அங்கே அவர் கோட்டைக் கழற்றி மாட்டும் நேரம்.
பொருள் என்ற இடத்தில் 'வணக்கம்' என்றிருந்ததை அழித்து
'4417 வளையம், இரண்டு: வெள்ளிக்குள் கிடைக்குமா?'
பிளந்த வளையத்தின் படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.
கிடைக்குமென்றால் 'ஆம்' போதும்.
இல்லையென்றால் யாரைக் கேட்கட்டும்?

'இல்லை'க்கும் ஒரு கதவு வைத்தேன்.
மறுத்துவிட்டு வெளியேற வழியில்லாதபோதுதான்
மனிதர்கள் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

நாற்பது நிமிடம்.
"ஆம். வியாழன் அனுப்புகிறேன். வூபெனா."
மேசையைத் தட்டினேன், சீட்டுக்கட்டு சரிந்தது.
பிறகுதான் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது:
"மீன்பிடிப் படகுக்கு ஏன் அப்படி ஒரு பெயர்?"

மூன்றாவதில் நான் பெயரே எழுதவில்லை.
முதலாவதைப் படித்திருக்கிறார், மனிதர்.
முழுவதும் படித்துவிட்டு
என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறார்.

"பெரிய கதை. ஏழு பத்தி ஆகும். பரவாயில்லையா?"
என்று கேட்டேன்.
"ஆம்" என்றார்.

அதற்குப் பிறகு மிர்கோவைத் திறந்தேன்.
தாமிரச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட்,
புதுக் கண்ணாடியில் படிகள் வளைந்து தெரிகின்றன,
நாய்க்குப் பின்னங்கால் இழுக்கிறது,
ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறது.
தேடித் தேடிப் பார்த்தேன்.
கடிதம் முழுக்க ஒரு கேள்விகூட இல்லை.

'நாய் எப்படி இருக்கிறது?' என்று எழுதலாம்.
ஒரே வரி, ஒரே கேள்வி,
நானே கண்டுபிடித்த விதிப்படி சரி.
ஆனால் பதினோரு மாதம் கழித்து
ஒரு கிழ நாயைப் பற்றி எப்படிக் கேட்பது?

பொருள் என்ற இடத்தில்
'சிஸ்பா' என்று அதன் பெயரை மட்டும் அடித்தேன்.
பக்கத்தில் கேள்விக்குறி போடுவதா வேண்டாமா என்று
விரல் அங்கேயே நிற்கிறது.