ஈ பறந்த பெயர்

கத்தாரிலிருந்து லின்ரன் எழுதுகிறான்:
தாத்தாவின் தாத்தா ஐரிஷ்காரன் என்று
ஒரு கடதாசி கிடைத்தால்
கடவுச்சீட்டு எடுத்துவிடலாமாம், அக்கா,
கொஞ்சம் தேடிப் பார்.

கொஞ்சம் என்றால் மூன்று மாரி.
கச்சேரியில் பொறுப்பானவர் லீவு.
மாதா கோவிலில் சாவி தொலைந்த அலுமாரி.
அறுபத்து நாலு சூறாவளியில் நனைந்து
ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஞானஸ்நானங்கள்;
பிரிக்கப் பிரிக்கப்
பிள்ளைகள் பாதியாய்க் கிழிந்தார்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் அகப்பட்டான்.
மலக்கி டிவேன். சொந்த ஊர் டிங்கிள்.
கடற்படைத் துறையில் பீப்பாய்த் தச்சன்,
உப்பிட்ட இறைச்சிக்கும் றம்முக்கும்
இரும்பு வளையம் அடித்தவன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது,
சம்பளப் பதிவில் பெயருக்கு நேரே:
'குடி. ஒரு நாள் கூலி வெட்டு.'
வேறு சாட்சி வேண்டாம்.
அப்பாவை எனக்குத் தெரியும்.

கடிதங்கள் ஐந்து.
ஸ்டெலா மாமி தையல் மெஷின் லாச்சியில்
பொபின்களுக்கு அடியில் வைத்திருந்தாள்,
காணி உறுதி என்று நினைத்து.
ஐந்தும் அவன் தங்கை ஹனோராவுடையவை.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.
காசு வாங்கி எழுதிக்கொடுத்த யாரோ ஒருவனின்
சாய்ந்த, அழகான கை.
அவள் சொன்னது ஐரிஷில், அவன் எழுதியது ஆங்கிலத்தில்,
எனக்குள் கேட்பது தமிழில்:

கிழங்கு இம்முறையும் மண்ணுக்குள்ளேயே கறுத்தது.
ஆள்விட்டுக் கூரையைப் பிரித்தார்கள்.
நீ அனுப்பிய இரண்டு பவுண் வந்து சேர்ந்தது,
அம்மாவை முந்தின கிழமைதான் அடக்கம் செய்தோம்.
உன் ஊரில் கடல் எந்தப் பக்கம்?
சொன்னால் அந்தப் பக்கம் பார்த்து நிற்பேன்.

அன்று பின்னேரம் கோட்டை வாசலில் நின்றேன்.
ஒரு மான் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்தது.
இடப்பக்கம் கடல். வலப்பக்கம் கடல்.
ஊரைத் தாண்டினால் துறைமுகம், அதுவும் கடல்.
என்னவென்று பதில் போட்டிருப்பான்?

ஐந்தாவது கடிதம் நாலே வரி.
'இதுவரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
இது நானே எழுதுவது.
சொல்கிறவர் இப்போது இல்லை.
போன கடிதத்துக்குத் தரவேண்டிய ஆறு பென்ஸை நான் கேட்கவில்லை.'

பிறகு பெயர்.
மலக்கியின் மகன்வரை டிவேன்.
தாத்தாவின் பதிவில், அவசரக் கிளாக்கர் ஒருவரின் கையில்,
கடைசியில் ஓசையில்லாமல் குந்தியிருந்த
ஆங்கில ஈ பறந்துவிட்டது.
அப்பாவுக்குச் சுவாமி தமிழிலேயே எழுதினார்: தேவன்.
பறந்ததை யாரும் தேடவில்லை.

தொண்ணூறில் உப்புவெளிச் சென்றியில்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
தேவன்? தெமலத? என்று கேட்டவனுக்கு
ஓம் என்றார் அப்பா.
அவரிடம் வேறு பதில் இருக்கவில்லை.
பதினொரு மாதம் கழித்து வந்தார்,
இடது காது கேளாமல்.
அந்த ஈ இருந்திருந்தால் என்று
நான் கணக்குப் பார்ப்பதில்லை.
பார்க்கிறேன்.

லோயர் நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார்.
பாட்டன் பாட்டிவரைதான் சட்டம் கேட்குமாம்.
நீங்கள் இரண்டு தலைமுறை பிந்திவிட்டீர்கள்.
லின்ரனிடம் சொன்னேன். சரி விடு என்றான்.
பின்னால் ஏதோ கிரேன் சத்தம்.

விட முடியவில்லை.
கலியாணப் பதிவில் மலக்கிக்குப் பக்கத்தில்
'அனஸ்தாசியா, பாலையூற்றுச் சுதேசப் பெண்.'
தகப்பன் பெயருக்கு ஒரு கோடு.
தாய்க்கு அதுவும் இல்லை.
கையொப்பம் ஒரு கீறல்;
பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.
அவளுக்கென்று ஒரு கடிதமும் இல்லை.
யார் எழுதுவார்?
பாலையூற்று நடந்துபோகிற தூரம்.

அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்தேன்.
கிழிசல் கறுப்பாய் விழுந்தது,
நான் படிக்காத எழுத்துப் போல.
இருபது ரூபா கேட்டார்கள்.
கொடுத்தேன்.