இரண்டு பீப்

ஏழு மாதமாக என் வரிகளை வெட்டியவர்,
"அழுகையைப் பாதியில் நிறுத்துங்கள்" என்றவர்,
புனைபெயர் உப்பன்.
மனைவியை இழந்தவர் என்று
நானே முடிவுகட்டியிருந்தேன்.

ஈசூன் காப்பிக்கடையில்
மைலோ பெங் உறிஞ்சிக்கொண்டிருந்தான்
பள்ளிச் சீருடையில்.
நாளை வேதியியல் தேர்வாம்.

முத்தங்களை எழுதி
எங்களை வியர்க்கவைத்த செம்பருந்து
எழுபத்தொரு வயது பத்மாசனி.
முழங்காலில் பட்டை.
"வேற யாருன்னு நெனச்ச?" என்று
தே ஓ கோசோங்கை ஊதினார்.

நீயா, நீங்களா,
ஆன்ட்டியா, தம்பியா,
வினைமுற்று வருவதற்கு முன்பே
வாக்கியங்களை விழுங்கிக்கொண்டிருந்தோம்
பத்து நிமிடம்.

பிறகு உப்பன்
என் புதிய கவிதையை விரித்து
"மூணாவது பத்தி பொய்" என்றான்.
பத்மாசனியும் தலையாட்டினார்.
அப்பாடா என்றிருந்தது.

எம்ஆர்டி வாசலில்
அவன் அட்டையை வைத்தான், இரண்டு பீப்.
அவர் வைத்தார், இரண்டு பீப்.
சலுகைக்காரர்கள் இருவரும்
தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று
ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஒன்றுதான்.
நாற்பத்து நான்கு வயது,
முழுக்கட்டணம்,
மூன்றாவது பத்தியை
வண்டியிலேயே அடித்தேன்.