ஐந்து கட்டம்

டண்டீயில் நவம்பர் என்றால் நாலு மணிக்கே இருட்டு.
வரவேற்பு மேசையில் மோர்வென்
குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.
உள்ளே நான், மிஸ்டர் ஃபின்லேசனின் கீழிமையை இழுத்து
இரண்டு சொட்டு விட்டேன்.
எரியும் என்றேன்.
மீன் ஏலத்தில் முப்பது வருஷம், இதென்ன எரிச்சல், என்றார்.
இருபது நிமிடம். கண் விரிய வேண்டும்.

கதவிடுக்கில் மோர்வெனின் குரல்:
"லத்தீனில் குட்டிப் பெண், பொம்மை.
அப்புறம் அப்பா இல்லாத பிள்ளை.
அப்புறம் பள்ளி மாணவன்.
கடைசியில் ஒரு ஓட்டை.
ஐந்து கட்டம். முதலும் மூன்றும் பி."

விடை என் விரலுக்கு எதிரே
விரிந்துகொண்டிருந்தது.

பியூப்பில் என்று சொல்லிவிட்டேன்,
சும்மா விடத்தான் முடியவில்லை.
எட்டு வருஷமாக மில்லிமீட்டரில் எழுதுகிறேன்,
வலது மூன்று, இடது மூன்றரை,
ஒரு நாளும் அது யார் பொம்மை என்று கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், மோர்வென்.
பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் பெண்,
பாவை என்றால் கண் நடுவே இந்தக் கறுப்பு.
எங்களுக்கு இரண்டே கட்டம்.

யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்?
மிளகு ஏற்றிய கப்பலில்
மூட்டைக்கடியில் ஒளிந்து போயிற்றா இந்தச் சொல்?
இருக்காது.
சுங்கம் கட்டாமல் சொற்கள் போகும்தான்,
இதற்குக் கப்பலே வேண்டாம்.
ஒரு முகத்தருகே இன்னொரு முகம் குனிந்தால் போதும்,
ரோமிலோ கொற்கையிலோ,
எதிரே கறுப்புக்குள் ஒரு குட்டி ஆள்
நம்மைப் போலவே குனிந்து நிற்கும்.

கருவியை இழுக்கும் முன் வெறுங்கண்ணால் பார்த்தேன்.
கறுப்பு கரை வரை வந்துவிட்டது.
அதில் நான், நகத்தின் பிறை அளவு.
கண் விரிந்ததால் பொம்மை வளரவில்லை,
அவள் நிற்கும் கிணறுதான் அகலம்.

"என்ன தெரிகிறது?"
"நான்," என்றேன், யோசிக்காமல்.
சிரித்தார். பாவை குலுங்கியது.
"எனக்குக் கிட்டே எல்லாம் மங்கல்.
ஆனாலும் யாரோ இருப்பது தெரிகிறது.
இஸ்பெல் போனபின் இவ்வளவு கிட்டே
யாரும் வந்ததில்லை."

பொம்மைக்கும் அநாதைக்கும்
லத்தீன் ஏன் ஒரே வேரை வைத்தது?
மோர்வெனிடம் கேட்கவில்லை.
படிவத்தில் எழுதினேன்: வலது எட்டு, இடது எட்டு.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
பேருந்துக்குப் போனார்.
டே ஆற்றுப் பாலத்தின் விளக்குகள்
இன்றிரவு அவருக்கு மட்டும்
ஒவ்வொன்றும் ஒரு பூசணிப்பூ அளவு.